யாழ். திரைப்பட விழாவும் மயிலிட்டிப் பார்வையாளரும்

யாழ்ப்பாணத்தில் சர்வதேச திரைப்பட விழா முதன்முதலாக நடத்தப்பட்டது 2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலாகும். நெறியாளர் அனோமா ராஜகருணாவின் பணிப்பில் தொடங்கிய இவ்விழா, போர் ஓய்ந்து ஆறு ஆண்டுகளே கடந்திருந்த ஒரு நகரத்துக்கு உலகின் பல நாடுகளிலுமிருந்து படங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பின்னரும் விழா தொடர்ந்து வந்திருக்கின்றது. எனினும், விழாவைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளிவந்தவற்றைப் புரட்டிப் பார்ப்போமானால், மங்கள விளக்கேற்றியவர்கள் யார், பிரதம விருந்தினர் யார், விருது பெற்றவர் யார் என்ற விபரங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. திரையில் என்ன காட்டப்பட்டது, அது நன்றாக இருந்ததா, இல்லையாயின் ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கு விடை தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

இந்தக் குறையைச் சிறியதொன்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு விழா முடிந்ததும் படங்கள் ஊர் திரும்பிவிடுகின்றன. எஞ்சுவது அவற்றைப் பற்றி எழுதப்பட்டவை மட்டுமே. எழுதப்படாத விழா, அதற்குச் சென்ற சில நூறு பேரின் ஞாபகத்துடன் கரைந்து போய்விடும்.

திரைப்பட விழா என்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. வெனிஸ் நகரில் 1932 இல் இம்மரபு தொடங்கியது. கான் விழா 1946 இலும், இந்திய சர்வதேச திரைப்பட விழா 1952 இலும் ஆரம்பமாயின. கேரள விழா 1996 முதலும், சென்னை விழா 2003 முதலும் நடைபெற்று வருகின்றன. சாதாரணத் திரையரங்கில் எந்தப் படம் ஓட வேண்டும் என்பதை விநியோகஸ்தரின் இலாப நட்டக் கணக்கு தீர்மானிக்கின்றது. விழாவில் அதைத் தீர்மானிப்பது தெரிவுக் குழு. வந்துசேரும் படங்களைப் பார்த்து, சிலவற்றைப் போட்டிக்கும் சிலவற்றைப் போட்டிக்குப் புறம்பான பிரிவுகளுக்குமாக அக்குழு பிரித்து வைக்கின்றது. ஒரு படம் ஒரு தடவை, மிஞ்சினால் இரு தடவைகள் காட்டப்படும். தவறவிட்டால் பின்னர் பார்ப்பது அரிது. காட்சி முடிந்ததும் நெறியாளர் மேடைக்கு வந்து கேள்விகளுக்குப் பதிலளிப்பதும் உண்டு. எமது மக்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் நீண்ட சொற்பொழிவுகளாகவே அமைந்துவிடுவது வேறு விடயம்.

இனி, இவ்விழாவுக்கு மயிலிட்டியிலிருந்து ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். மயிலிட்டி வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமம். பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில், ஒரு காலத்தில் தீவகற்பத்தின் பெருமைக்குரிய மீன்பிடித் துறைமுகமாக விளங்கியது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வூர் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்கள் எனப்பட்ட முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து திருமணமும் முடித்தது. துறைமுகமும் அதனைச் சூழவுள்ள 54 ஏக்கர் நிலமும் 2017 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் திகதி, 27 ஆண்டுகளின் பின்னரே, விடுவிக்கப்பட்டன. அப்படித் திரும்பி வந்த ஒருவர் திரைப்பட விழாவுக்கு வருவதென்றால், காங்கேசன்துறை வீதியால் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து யாழ். நகரத்தை அடைய வேண்டும். மாலைக் காட்சி முடிந்தபின் வீடு திரும்ப பஸ் கிடைக்குமா என்பது அவருடைய முதற் கவலை. இரவில் கடலுக்குச் செல்லும் தொழிலாளியாயின் மாலைக் காட்சி என்பதே அவருக்கு இல்லை.

அவர் சினிமா அறியாதவர் அல்லர். வின்சர், றீகல், வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா என்று நகரத்துத் திரையரங்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் முதியவர்கள் வலிகாமத்தில் இன்றும் உள்ளனர். மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படங்களை வரிசையாகப் பார்த்த சமூகம் இது. பார்வையாளருக்கு இங்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. பார்த்ததைப் பேசுவதற்கும் எழுதுவதற்குமான பழக்கமே வேரூன்றவில்லை.

வேரூன்றவில்லை என்று கூறும்போது, முயன்றவர்களை மறந்துவிடக் கூடாது. மட்டக்களப்பைச் சேர்ந்த கே. எஸ். சிவகுமாரன் பல தசாப்தங்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சினிமா பற்றி எழுதியவர். இந்தியாவில் நடைபெற்ற சர்வதேச விழாக்களுக்கு விமர்சகராகச் சென்று, அங்கு பார்த்த படங்களை இலங்கைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர். ‘அசையும் படிமங்கள்’ என்ற அவரது நூல் இத்துறையில் இன்றும் பயன்படுவது. 2022 இல் அவர் காலமானபோது, அவருடைய இடத்தை நிரப்ப ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் குருநகரைச் சேர்ந்த அ. யேசுராசா, திரைப்பட வட்டத்தின் மூலம் நல்ல படங்களைக் காட்டியும் அவை பற்றி எழுதியும் வந்தார். குருநகரும் ஒரு கடலோர ஊரே என்பதை மயிலிட்டி இளைஞர்கள் கவனத்திற் கொள்ளலாம். சிங்களச் சூழலைப் பார்த்தால், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ 1965 இல் டில்லி விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. அதற்குத் திரைக்கதை எழுதிய றெஜி சிறிவர்த்தன நாடறிந்த விமர்சகருமாவார். படைப்பும் விமர்சனமும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்த காலம் அது.

தமிழில் அவ்வாறு நிகழாமையால் ஏற்பட்ட இழப்புக்கு ‘பொன்மணி’யை உதாரணமாகக் கூறலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ 1977 இல் நெறிப்படுத்திய இப்படம், சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை அடங்கிய குரலில் சொன்னது. திரையரங்கில் அது ஓடவில்லை. தமிழகப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகியிருந்த கண்களுக்கு அதன் மௌனம் சலிப்பூட்டியது. இன்று ஈழத்துத் தமிழ்ப் படங்களைப் பட்டியலிடுவோர் எவரும் அதனைத் தவிர்ப்பதில்லை. படம் வெளிவந்த வாரத்திலேயே, இதனை எவ்வாறு பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கும் பத்துக் கட்டுரைகள் வெளிவந்திருந்தால் மக்கள் திரண்டு வந்திருப்பார்கள் என்று நாம் கூறவில்லை. ஆயினும், அடுத்த படத்தை எடுக்கப் பணம் போடும் ஒருவருக்காவது அது துணிவு கொடுத்திருக்கும்.

விமர்சனம் எழுத விரும்புவோர் பலரும் முதலிற் செய்வது கதையைச் சொல்வது. ஆயிரம் சொற் கட்டுரையில் எண்ணூறு சொற்கள் கதைக்கே போய்விடுகின்றன. பின்னர் ஒளிப்பதிவு அருமை, இசை அருமை, நடிப்பு அருமை என்று மூன்று வரிகள். இது விமர்சனமாகாது. கதையை ஐந்தாறு வசனங்களில் நிறுத்திவிட்டு, அந்தக் கதையைச் சொல்ல நெறியாளர் எதைக் காட்டினார், எதைக் காட்டாமல் விட்டார், கமெராவை எங்கே வைத்தார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் காட்சியை மட்டும் ஓடவிட்டார் என்பவற்றைக் கவனிக்க வேண்டும். இருட்டில் எழுதுவது கடினம். ஆதலால் காட்சி முடிந்து வெளியே வந்தவுடன், பிறருடன் பேசுவதற்கு முன்னர், மனதில் நின்ற மூன்று காட்சிகளைக் குறித்து வைப்பது நல்லது. பேசத் தொடங்கிவிட்டால் அடுத்தவரின் அபிப்பிராயம் எமது அபிப்பிராயமாகிவிடும்.

இதைவிடப் பெரியதொரு நோயும் எம்மிடம் உண்டு. படம் தொடங்குமுன்னரே அது யாருடைய பக்கம் என்று கேட்பதே அந்நோய். பிரசன்ன விதானகேயின் ‘இர மெதியம’ 2003 இல் வெளிவந்தது. போர்க்காலத்தின் மூன்று கதைகளை அது ஒன்றோடொன்று பின்னிச் சொல்கின்றது. காணாமற்போன விமானியைத் தேடும் மனைவி ஒருத்தி. விடுமுறையில் வந்து தன் சகோதரியை எதிர்பாராத ஓரிடத்தில் காணும் இராணுவச் சிப்பாய் ஒருவன். மூன்றாவது, விடுதலைப் புலிகளின் உத்தரவினால் ஊரைவிட்டு வெளியேற்றப்படும் முஸ்லிம் மக்களிடையே, தன் நாயைப் பிரிய மனமில்லாத ஒரு சிறுவன்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், தமது பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். மயிலிட்டி மக்கள் ஊரிழந்த அதே ஆண்டு, நான்கு மாதங்களின் பின்னர் நடந்தது இது. மயிலிட்டியார் மல்லாகத்திலும், சோனகத் தெருவார் புத்தளத்திலுமாக முகாம் வாழ்க்கையை ஏறக்குறைய ஒரே காலத்திற் தொடங்கினர். ஒரு சாராரை வெளியேற்றியது அரச படைகளின் போர் நடவடிக்கை. மறு சாராரை வெளியேற்றியது தமிழரின் பெயரால் இயங்கிய ஓர் இயக்கத்தின் கட்டளை. இரண்டையும் ஒன்றெனக் கூறிச் சமன்படுத்துவது தவறு. பிந்தியதில் தமிழ்ச் சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இருக்கின்றது.

அந்தக் கதையைப் பெருந்திரையில் சொன்னவர் ஒரு சிங்கள நெறியாளர் என்பதைத் தமிழ் விமர்சகர் எவ்வாறு எடுத்துக்கொள்வது? இதற்குப் பின்னால் யார் இருக்கின்றார்கள் என்று கேட்டு ஒதுக்கிவிடலாம். அது மிக எளிது. அல்லது, சிறுவனின் கண்ணுயரத்திலிருந்து பார்த்தமையால் படம் எதை அடைந்தது, எதை இழந்தது என்று கேட்கலாம். இவ்விடத்தில் முஸ்லிம் விமர்சகர் ஒருவரே எழுப்பக்கூடிய கேள்வியும் உண்டு. முஸ்லிம் வீடுகளில் நாய் வளர்ப்பது வழக்கமன்று. அவ்வாறிருக்க அச்சிறுவனுக்கு நெறியாளர் நாயைத் துணையாக்கியது அச்சமூகத்தை அறியாமையாலா, அன்றி, வழக்கத்தையும் மீறிய பாசத்தைக் காட்டவா? இக்கேள்விக்கு நாம் விடை கூறப் போவதில்லை. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்டு வந்த குடும்பமொன்றின் பிள்ளை அதனை எழுதினால், அவ்விமர்சனம் கொழும்பிலோ பாரிஸிலோ எழுதப்பட்ட எதனையும்விடப் பெறுமதி வாய்ந்ததாக இருக்கும்.

படத்தைப் பார்க்காமலே தீர்ப்பளிக்கும் வழக்கம் 2018 இல் எம்மிடையே பகிரங்கமாகவே அரங்கேறியது. ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற ஆவணப்படம் அதற்கு முந்திய ஆண்டில் கான் விழாவிற் காட்டப்பட்டிருந்தது. 1983 ஜூலை வன்செயலின்போது சிறுபிள்ளையாக இருந்த நெறியாளர், பின்னர் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையைத் தன் சொந்த உறவினரின் ஊடாகத் தேடிச் செல்லும் படம் அது. யாழ். விழாவின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றிருந்த அப்படம், எதிர்ப்புகள் காரணமாக விலக்கிக் கொள்ளப்பட்டது. படத்தின் மீது நியாயமான குறைகள் கூறுவதற்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அரச வன்முறைக்கும் இயக்க வன்முறைக்கும் அது கொடுக்கும் இடம் சரியான விகிதத்தில் உள்ளதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் விவாதிப்பதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? விலக்கியதன் விளைவு, யாழ்ப்பாணத்தவர் தவிர ஏனையோர் எல்லாம் அப்படத்தைப் பற்றிப் பேச உரிமை பெற்றதுதான். விலக்கியது தவறு என்பதே எமது கருத்து.

இது எமக்கு மட்டும் உரிய பலவீனமன்று. விதானகேயின் ‘புரஹந்த களுவர’ படத்தை 2000 ஆம் ஆண்டில் அரசாங்கம் தடுத்து நிறுத்தியது. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினாலேயே அது மறு ஆண்டில் திரையை அடைந்தது. 2013 இல் கொழும்பில் நடைபெற்ற பிரெஞ்சு திரைப்பட விழாவில் சஞ்ஜீவ புஷ்பகுமாரவின் படமொன்று காட்டப்பட்டபோது, படையினரை இழிவுபடுத்துகின்றது எனக் கூறி அதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2014 இல் சென்னையில், விதானகேயின் ‘ஒப நெதுவ ஒப எக்க’ காட்சிகள் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டன. ஒரு சிங்களவனுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவினூடாகச் சிப்பாயின் குற்றவுணர்வைப் பேசும் படம் அது. சிங்கள நெறியாளர் என்ற ஒரே காரணத்துக்காக அதனைத் தடுத்தவர்கள், தாம் யாருக்கு உதவி செய்தார்கள் என்பதை அறிந்திருக்கவில்லை.

மறுபுறம், தமிழ் வாழ்வைப் பேசும் படங்கள் உலக விழாக்களில் இடம்பிடித்தும் வருகின்றன. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ 2012 இல் கான் நகரிற் காட்டப்பட்டது. ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ 2015 இல் அங்கு தங்கப் பனை விருதை வென்றது. விசாகேச சந்திரசேகரத்தின் ‘மணல்’ 2023 இல் ரொட்டர்டாம் விழாவில் நடுவர்களின் விசேட விருதைப் பெற்றது. இவற்றைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. அயல்நாட்டு விமர்சகர் படத்தின் கலையைப் பற்றிக் கூறுவது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் வரும் வாழ்க்கை உண்மையானதா என்பதை அவரால் கூற இயலாது.

மயிலிட்டிப் பார்வையாளரின் பெறுமதி இங்குதான் வெளிப்படுகின்றது. கடலையும் கடற்றொழிலாளரையும் பற்றிய படங்களை எடுத்துக்கொள்வோம். 1965 இல் வெளிவந்த மலையாளப் படமான ‘செம்மீன்’, கரையில் இருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது. அதனை உன்னதமான காவியம் என்று நகரத்து விமர்சகர்கள் போற்றினர். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத ஒரு பெண் அப்படத்தைப் பார்த்தால் என்ன சொல்வாள்? எவருக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த எமது ‘வாடைக்காற்று’, பருவத்துக்குத் தொழில் தேடி வந்து வாடியமைக்கும் மீனவர்களைப் பற்றியது. அதில் வலை பிடிக்கும் கைகள் தொழில் தெரிந்த கைகளா, நடிகரின் கைகளா என்பதை ஒரே பார்வையிற் கூறக்கூடியவர்கள் மயிலிட்டியிலும் குருநகரிலும் பேசாலையிலும் இருக்கின்றனர்.

இத்தாலிய நெறியாளர் விஸ்கொன்ரி 1948 இல் சிசிலித் தீவின் ஒரு மீனவக் கிராமத்துக்குச் சென்று, அவ்வூர் மக்களையே நடிக்க வைத்து, அவர்களுடைய பேச்சு மொழியிலேயே ‘லா தெரா திரெமா’ என்ற படத்தை எடுத்தார். மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட நினைத்த ஒரு குடும்பம், வீட்டை ஈடு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகின்றது. ஒரு புயலில் வள்ளம் சிதைகின்றது. பின்னர் வீடும் போகின்றது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடனாளியான எவருக்கும் இக்கதைக்கு உரை தேவையில்லை. இத்தாலியின் ஏனைய பகுதியினருக்கே அந்தப் பேச்சு விளங்காமல், விளக்கக் குரல் ஒன்று சேர்க்கப்பட்டது என்பது இங்கு சுவையான செய்தி. யாழ்ப்பாணக் கரையோரப் பேச்சைத் திரையில் வைத்தால் சென்னைக்கு விளங்காதே என்று தயங்கும் எமது இளம் நெறியாளர்கள் இதனை அறிந்திருப்பது நன்று.

ஆயினும், மயிலிட்டியார் விழாவுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. விழாவும் மயிலிட்டிக்குப் போகலாம். கேரளத்தில் ஜோன் ஏப்ரஹாமும் நண்பர்களும் 1984 இல் ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்பை நிறுவி, சப்ளினின் ‘த கிட்’ படத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டி, மக்களிடம் சிறு தொகைகளைச் சேர்த்தனர். அப்பணத்தில் உருவானதே 1986 இல் வெளிவந்த ‘அம்ம அறியான்’. அன்று அவர்கள் சுமந்தது 16 மில்லிமீற்றர் எறிகருவியும் கனத்த படச்சுருள்களும். இன்று ஒரு மடிக்கணினியும், சிறிய எறிகருவியும், வெள்ளைத் துணியும் போதும். திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி பெறுவதும், நெறியாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவதும் தவிர்க்க முடியாதவை. உள்ளூர் அமைப்புகள் இவ்விரண்டையும் இறுதி நேரம் வரை விட்டு வைத்து அவதிப்படுவது வழக்கம்.

மொழிப் பிரச்சினை ஒன்றும் இருக்கின்றது. விழாப் படங்களின் கீழ் ஓடும் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அறுபது வயதான மீனவர் ஒருவரை அழைத்து வந்து, ஈரானியப் படத்தை ஆங்கில எழுத்துகளுடன் காட்டுவதைப் பண்பாட்டுப் பணி என்று கூற முடியாது. தமிழ் எழுத்துகளைச் சேர்ப்பது கணினி அறிந்த மாணவர் இருவருக்குச் சில நாள் வேலை. பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கை மாணவர்களும் மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்களும் இதனைப் பயிற்சியாகவே செய்யலாம். அது இயலாத இடத்தில், படத்தின் சுருக்கத்தை அரைப் பக்கத் தமிழ்த் தாளாக முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

மயிலிட்டியில் அவ்வாறு முதலிற் காட்டுவதற்கு ஒரு படத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டால், ‘இர மெதியம’வையே முன்மொழிவோம். துறைமுகத்தை அண்டியதொரு வெளியில், தொழிலுக்குப் போகாத ஓர் இரவில், சோனகத் தெருவுக்கு மீண்டு வந்த குடும்பங்களையும் அழைத்து, பெண்கள் வசதியாக அமரத்தக்க ஒழுங்குகளுடன், இஷாத் தொழுகைக்குப் பின்னர் படத்தைத் தொடங்கலாம். திரும்பிச் செல்ல இரண்டு பஸ் வண்டிகளை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். படம் முடிந்தபின் ஒலிவாங்கியை நகரத்திலிருந்து வந்த விரிவுரையாளரிடம் கொடுக்காமல், 1990 இல் அச்சிறுவனின் வயதில் இருந்த இருவரிடம், ஒருவர் மயிலிட்டியிலிருந்தும் மற்றவர் சோனகத் தெருவிலிருந்தும், முதலிற் கொடுப்பது நன்று. அவர்கள் கூறுவதை ஒருவர் எழுத்தில் குறித்துக்கொள்ளட்டும். அக்குறிப்புகளைப் பிரசுரிக்க இப்பக்கத்தில் இடம் ஒதுக்கப்படும்.